வாத்தியார் கட்டிய ராஜதானி

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால்காரி பால் ஊற்றும்போது அவள் கட்டைவிரல் படிக்குள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். என்னைக் கட்டிக்கொண்டு வந்த மனிதரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் பார்த்தவரைக்கும் உலகம் அந்தப் பார்வைக்கு ஏற்றபடிதான் நடந்துகொண்டது.

அவர் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் ஓடு போட்ட ஒரே ஒரு நீளக் கொட்டகை. வீடு அதற்கு இரண்டு வேலி தள்ளி. அவர் பாடம் நடத்தும் குரல் என் அடுப்படிவரை கேட்கும். குரல் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று எட்டிப் பார்ப்பேன்.

அப்போது சண்டைக்காலம். எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையே, சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே தந்திக் கம்பியை அறுத்தார்கள், இங்கே ஒற்றன் பிடிபட்டான் என்று சந்தைக்குச் சந்தை ஒரு சேதி வரும். புதிதாக ஒரு வளையல்காரன் வந்தால் அவன் ஜப்பான்காரன் ஆள் என்பார்கள். வத்தல்மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவருகிறவர்கள் காலங்காலமாக வருகிறவர்கள்தான். அவர்களுடைய மூட்டையைக்கூட அவிழ்த்துக் காட்டச் சொன்னான் ஒரு போலீஸ் சேவகன். ஆக, ஊரே என்னைப்போல ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட.

அதற்கு முந்தின வருஷம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. எங்கள் பக்கம் சிசுவை எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்கள் கூடப் போகிற வழக்கமும் கிடையாது. அவர்தான் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடையோடு மேலே நடந்து போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். குளித்தார், சாப்பிட்டார், மறுநாள் பள்ளிக்கூடம் போய்விட்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் மூலையில் சுருண்டு கிடந்தபடி அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆள் இவர், நெஞ்சில் என்னதான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மற்ற சந்தேகமெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

கொஞ்ச நாளில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடத்தில் வேலை வந்துவிட்டது. சாயங்காலமும் லேட். ஒருநாள் துவைக்க எடுத்த வெள்ளைச் சட்டையின் மார்பில் சிவப்பாக ஒரு தீற்றல். குங்குமம்! விரலால் சுரண்டி மோந்து பார்த்தேன். மண்வாசனைதான் அடித்தது. காவிக்கல்லை உரசின சிவப்பு. மண்ணாக இருந்தால் மட்டும் என்ன, ஞாயிற்றுக்கிழமை மார்பில் மண்ணை ஏன் பூசிக்கொண்டு வருகிறார்?

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு உதவி வாத்தியார் இருந்தார், ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். இரண்டு பேரும் எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால். உதவி வாத்தியார் ஒரு பெண் பெயரைச் சொல்லி, 'சென்னாகி' என்று என்னவோ சொன்னார். சென்னாகி என்றால் நன்றாக என்று எனக்குத் தெரியும். ஆளைச் சொல்கிறாரா பொருளைச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு என் கன்னடம் போதாது. அதற்கு எங்கள் வீட்டுக்காரர், "கெழக்குப் பக்கம் இன்னும் காலியாத்தான் கெடக்குது. ஞாயித்துக்கெழம போயி முடிச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெண்ணுக்கு வைக்கக்கூடிய பெயர் என்று தெரிந்தால் போதும். எனக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பினார். நான் அடுப்பில் களியைக் கிளறாமல் அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே அவர் ஒற்றையாக நிற்கிறார். ஒரு கையில் கரித்துண்டு, ஒரு கையில் காவிக்கட்டி. முழுச் சுவரிலும் ஆறும் கோட்டையும் தெருவுமாக ஒரு ஊர். தலைமாட்டில் அந்தப் பெண்ணின் பெயர், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'ராஜதானி'. அவர் அந்தச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"யாருங்க அவ?" என்று உள்ளே போய் நின்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "எவ?"

"இந்தப் பேர்க்காரி."

"இது ஊர் பேரு புள்ள. ஒரு தேசத்தோட ராஜதானி. பூகோளப் பாடத்துக்குப் போட்டிருக்கறேன்."

"எந்தத் தேசம்?"

"எந்தத் தேசமும் இல்ல. நானா உண்டாக்குனது."

நம்புகிறாற்போலவா இருக்கிறது? இருக்கிற தேசத்தையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத தேசத்தைப் படிக்கவா பிள்ளைகளை அனுப்புகிறார்கள்? கேட்டதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இருந்த ஜில்லா மேப்பைச் செல் அரித்துவிட்டது. சரி, சொந்த ஊரையே வரையலாம் என்று முதலில் எங்கள் கிராமத்தைத்தான் சுவரில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஊரில் நிலம் நீச்சுள்ள இரண்டு பெரிய காட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். என் வரப்பை அவன் பக்கம் எப்படித் தள்ளலாம் என்று ஒருவர். வாத்தியார் கோடு போட்டது போட்டதுதான், சர்க்கார் கோடு மாதிரி என்று மற்றவர். சுவருக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். "அதான் யாருக்கும் ஒரு வரப்புகூட இல்லாத ஊரா பாத்துக் கட்டிட்டேன்" என்றார். அந்த வரப்புச் சண்டை எனக்கும் தெரிந்ததுதான், கிணற்றடியில் கேட்டிருந்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. பொய்க்காரன்தான் காரணத்தை இவ்வளவு சீக்கிரமாக எடுத்து நீட்டுவான்.

அன்றிலிருந்து குறுக்கு விசாரணை ஆரம்பித்தேன். சோறு போடும்போது ஒரு கேள்வி, தண்ணீர் சேந்தும்போது ஒரு கேள்வி. ஒரு நாள் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்கிறாரா என்று பார்ப்பதுதான் என் எண்ணம். அவர் மாற்றவே இல்லை. நான் கேட்கக் கேட்க அந்த ஊர் வளர்ந்துகொண்டு போனது.

ஆறு மேற்கு மலையில் பிறந்து வந்து, ஊரை மூன்று பக்கம் சுற்றிக்கொண்டு கிழக்கே இறங்குகிறது. சுற்றாத பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறை, அதன்மேல் கோட்டை. கோட்டைக்குக் கீழே ஏரி, ஏரிக்குக் கீழே நெல்வயல். மேட்டுப் பக்கமெல்லாம் கேழ்வரகும் அவரையும். சந்தைத் திடல் வரைக்கும் ரயில் வருகிறது. அந்தத் தண்டவாளத்தை எந்தச் சண்டைக்கும் பிடுங்க மாட்டார்களாம்.

அதற்குச் சரித்திரமும் வைத்திருந்தார். முதல் ராஜா ஆடு மேய்த்தவர். ஆடுகள் ஆற்றைத் தாண்ட மாட்டேன் என்று படுத்துவிட்டதால் அந்த இடத்திலேயே ஊரைக் கட்டினார். அவர் பேரன் காலத்தில் பக்கத்துத் தேசத்தோடு பெரிய யுத்தம். கேழ்வரகு அறுப்பு வந்ததும் இரண்டு படையும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட, யுத்தம் அதோடு சரி. ஒரு ராணி தெருவுக்குத் தெரு புளியமரம் வைத்தாள், பிறகு எல்லோரும் அதன் நிழலில் தூங்குகிறார்கள் என்று வருத்தப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன். சிரித்தால் மனிதர் தப்பித்துவிடுவார்.

"இந்த ராசாவெல்லாம் வயசானா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"பட்டத்தப் புள்ளைக்குக் குடுத்துட்டுப் பரிசல்ல ஏறி ஆத்தோட மேல போயிருவாங்க."

"பரிசலு தண்ணியோடதான் போவும். எதுத்துக்கிட்டு எப்பிடிங்க மேல போவும்? ஒகேனக்கல்லுக்குப் போனதே இல்லியா நீங்க?"

"அந்த ஊர்ல போவும்" என்றார்.

ஆற்றின் தலைமாட்டில், மலைக்குள்ளே, ஒற்றையாக ஒரு வீடு போட்டிருந்தார். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். மற்ற வீடெல்லாம் கரிக்கோடு. அதற்கு மட்டும் காவி. ஊருக்குள் இவ்வளவு இடம் இருக்க, அவ்வளவு தூரத்தில் யார் போய்க் குடியிருக்கிறார்கள்?

"அது யார் வூடு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் காவி?"

எழுந்து கை கழுவப் போய்விட்டார். நூறு கேள்விக்கு வாய் திறந்த மனிதர் இந்த ஒன்றுக்கு மட்டும் எழுந்து போகிறார். அங்கேதான் அவள் இருக்கிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஊர் பொய்யாக இருக்கலாம், அந்த வீடு மட்டும் பொய்யில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எங்கேயோ மலைப்பக்கம் எவளோ இருந்திருக்கிறாள். இப்படி எண்ணி எண்ணி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் சந்தேகம் இப்படி இருக்க, வெளியிலிருந்து வேறொன்று வந்தது. சுவரில் எழுதியிருந்தாரே, ராஜதானி என்று, அந்த ஒரு சொல்லால் வந்த வினை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த ராஜதானி ஒன்றே ஒன்றுதான், சென்னை ராஜதானி. கவர்னர் ஆள்கிற சீமை முழுவதுக்கும் அதுதான் பெயர். ராஜா இருக்கிற பட்டணத்துக்கும் அதே சொல் உண்டு என்று புத்தகம் படித்தவர்களுக்குத்தான் தெரியும். வரப்புச் சண்டையில் தோற்ற ஆளோ, ஜெயித்த ஆளோ, யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். வாத்தியார் புது ராஜதானி ஏற்படுத்துகிறார், அதற்கு வேறு ராஜாவையும் வைத்திருக்கிறார், ரயில் பாதைக்கு மேப் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், சம்சாரமும் இதற்கு உடந்தை என்று.

ஒரு காலை நேரம் சப்-இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். தெற்கத்திக்காரர், இளவயசு, மீசையை முறுக்கிக்கொண்டே இருந்தார். கூட ஒரு ஏட்டு, உள்ளூர்ப் பேச்சுக்காரர். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் வீட்டுக்காரரைச் சுவருக்கு எதிரே நிறுத்தினார்கள். பிறகு என்னைக் கூப்பிட ஏட்டு வந்தார். "பயப்படாதம்மா. தெரிஞ்சதச் சொல்லு, தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு" என்றார். அப்படிச் சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது.

என்னை வேப்பமரத்தடியில் நிற்க வைத்து அவரை உள்ளே விசாரித்தார்கள். பிறகு அவரை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இந்த ஆறு எங்கே உற்பத்தியாகுது?"

"மேக்கால மலையிலிங்க."

"கோட்டை யார் கட்டினது?"

"ஆடு மேச்ச ராசா."

"ரயில் எதுவரைக்கும் போகுது?"

"சந்தைத் திடலு வரைக்கும்."

புளியமரம் வைத்த ராணி வரைக்கும் கேட்டார். எல்லாம் சொன்னேன். சரியாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து ஒன்று விடாமல் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் முகம் இருண்டுகொண்டே போனது. ஏட்டைப் பார்த்து, "கேட்டியாய்யா? புருஷன் சொன்னதையே பொண்டாட்டியும் எழுத்துப் பிசகாமல் சொல்றா. இல்லாத ஊராயிருந்தா இப்படி எப்படிய்யா ஒத்துப்போகும்? வேற ஏதோ ஊரைப் பேர் மாத்திப் போட்டிருக்கான்" என்றார்.

அட கடவுளே! சந்தேகத்தினால் நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ததெல்லாம் இப்போது அவர் கழுத்துக்கே கயிறாகி நிற்கிறது.

அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் லத்தியை ஆற்றின் தலைமாட்டில் வைத்தார். "இந்த ஒத்தை வீடு யாருது? எல்லாம் கரியிலே இருக்கு, இது மட்டும் ஏன் சிவப்பு? என்ன பதுக்கியிருக்கீங்க அங்கே?"

கேட்டுவிட்டு முதலில் என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கறேன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"வாத்தியாரே, நீ சொல்லு."

அவர் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தரம் கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால் என்ன? இவ்வளவு பொய் கட்டிய வாய்க்கு இன்னொன்றா வராது? அவளைக் காட்டிக்கொடுக்க மனசில்லையாக்கும் என்று என் பொல்லாத புத்தி அப்போதும் சொன்னது.

"ஏட்டு, ஆளைக் கூட்டிட்டு வா. சேலத்திலே வெச்சு விசாரிச்சாத் தானா வரும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

சேலத்துக்குப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். சிலர் வரவே இல்லை. வேலை போகும், மானம் போகும், மனிதரே போனாலும் போவார். ஏட்டு அவர் தோளில் கை வைத்தார். குழந்தையைச் சுமந்துகொண்டு போன தோள் அது. எவள் இருந்தால் என்ன, எங்கே இருந்தால் என்ன, இந்த மனிதர் இங்கே இருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்தேன். எதையாவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று அந்த ஊரைத் தெருத் தெருவாகப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கண்ணில் படாதது பட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

"எசமான், ஒரே ஒரு வார்த்தைங்க. இந்த ஊர்ல சுடுகாடு எங்க இருக்குதுன்னு காட்டுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்ன?"

"சுடுகாடுங்க. கோயிலு இருக்குது, சந்தை இருக்குது, கள்ளுக்கடைகூட இருக்குது. பொணத்த எங்க கொண்டுக்கிட்டுப் போவாங்க? இருக்கற ஊரப் பாத்துப் போட்டிருந்தா அது வராமப் போவுங்களா? ஆறு வூடு இருக்கற பட்டிக்கே அது ஒண்ணு உண்டுங்களே. இவரு தானா உண்டாக்குன ஊரு, அதான் மறந்துட்டாரு. பொய் ஊருங்க, சத்தியமாப் பொய் ஊரு!"

ஏட்டு அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவருக்கு அருகில் போய்க் குனிந்து தேடினார். ஆற்றங்கரையெல்லாம் லத்தியால் தடவிப் பார்த்தார். கோட்டைக்குப் பின்னால் பார்த்தார். "காணோமுங்க எசமான்" என்றவர் சிரித்துவிட்டார். "செத்தா வெக்கறதுக்கு எடமில்லாமயே ஒரு பட்டணங் கட்டிட்டாரே மனுசன்!"

சப்-இன்ஸ்பெக்டர் தானும் ஒரு தரம் தேடினார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார். நம்பினாரா, இல்லை ஏட்டு சிரித்த பிறகு விறைப்பாக நிற்க வெட்கமாகிவிட்டதா, எனக்குத் தெரியாது. "சாயங்காலத்துக்குள்ளே இந்தச் சுவர் வெள்ளையாயிருக்கணும். இனிமே ராஜா, ராஜதானி ஏதாவது காதில் விழுந்தது, அப்புறம் சுடுகாட்டை நானே காட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போதும் அந்தச் சிவப்பு வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஒரே குஷி. சர்க்கார் ஆளையே பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சும்மாவா? அவர் ஒரு பக்கம் அடிக்க, நான் ஒரு பக்கம் அடித்தேன். வாய் மட்டும் ஓயவில்லை. "கள்ளுக்கடைய ஞாபகமா வெச்சீங்க, சுடுகாட்ட மறந்துட்டீங்களே. நல்ல ராசாதான் போங்க! நீங்க மறந்ததுனாலதான் இன்னிக்கித் தல தப்புச்சுது" என்று சீண்டினேன்.

அவர் சந்தைத் திடலை அழித்தார். கோட்டையை அழித்தார். ஆற்றோடு மேலே மேலே வந்து அந்தச் சிவப்பு வீட்டுக்குக் கிட்டே வந்ததும் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"மறக்கல புள்ள" என்றார்.

"எத?"

"சுடுகாட்ட. வேணாம்னுதான் வெக்கல."

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை அந்த வீட்டின்மேல் வைத்தார். "அன்னிக்கி ஓடையோட மேல தூக்கிக்கிட்டுப் போனேன் பாரு, பேரு யோசிச்சுக்கிட்டேதான் போனேன். வெக்கறதுக்குள்ள போயிட்டாளே. அந்தப் பேரு எங்கியாவது ஒரு எடத்துல இருக்கட்டும்னு… இங்க அவ இருக்கறா. ராசாவெல்லாம் கடசில இவகிட்டத்தான் வருவாங்க."

எத்தனை மாசமாக நான் தேடியவள் அவள்தான். தலைமாட்டில் இருந்த பெயரை அன்றைக்குத்தான் என் பெண்ணின் பெயராக முதன்முதலில் படித்தேன். வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். சுவர்தான் எதிரே இருந்தது.

உத்தரவு உத்தரவுதான். அந்த வீட்டின்மேல் நான்தான் சுண்ணாம்பு அடித்தேன், பெயரின்மேல் அவர் அடித்தார். வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்வரை அடியில் இருப்பதெல்லாம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். காய்ந்தால்தான் வெளுக்கும். ஆறும் கோட்டையும் புளியமரத் தெருவும் இன்னும் தெரிந்தன. நாங்கள் பிள்ளைகள் உட்காருகிற பலகையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். கிழக்குப் பக்கம் முதலில் காய்ந்தது. ஏரி போனது, சந்தை போனது. கடைசியில் அந்தச் சிவப்பு வீடும் போனபோது, குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு அழாத மனிதர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சுண்ணாம்புக் கை சட்டையெல்லாம் பட்டது.

பிறகு எங்களுக்கு இன்னொரு பெண் பிறந்து, நல்லபடியாக வளர்ந்தாள். அவளுக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். வந்திருந்த சின்னத்தை ஒருத்தி, தற்செயலாக, அந்தப் பெயரைச் சொல்லி, "எவ்ளோ அழகான பேரு, இதையே வெச்சிரலாமே" என்றாள். அவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அது வேணாங்க சின்னத்தை, வேற சொல்லுங்க" என்றேன். "அந்தப் பேர்ல எங்களுக்கு மூத்தவ ஒருத்தி இருக்கறா."